நட்சத்திரம் பார்த்து நகர்ந்த வீடு

வாங்க தம்பி, வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், வீட்டுக்குள்ள போகல. இப்படிப் பக்கவாட்டுலயே பின்னாடி போயிரலாம். டிராக்டரை வெளிய நிறுத்திட்டீங்கல்ல? நல்லது. போன்ல பேசறவங்க பாதிப்பேரு வெறுங்கையை வீசிட்டு வந்து பாத்துட்டு, வீட்டுல கேட்டுட்டுச் சொல்றம்பாங்க. நீங்க டிராக்டரோட வந்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு, இவரு வாங்கற ஆளுன்னு.

நடக்கறப்பவே கீழ பாத்துக்கங்க. எல்லாரும் வண்டியைத்தான் பாப்பாங்க. வண்டி பெருசில்லைங்க. கரூர்ல பஸ்ஸுக்குப் பாடி கட்டற ஒருத்தரு ரெண்டே மாசத்துல பண்ணிக் குடுத்துட்டாரு. எட்டடி அகலம், இருவதடி நீளம். கட்டில், கக்கூஸ், சின்னதா சமையல் மேடை, ஏசி, எல்லாம் இருக்குது. பெரும்பாடு எதுன்னா, அதை நிறுத்தற இடத்தைத் தயார் பண்ணறது. அதை ஒருத்தரும் சொல்லித் தரமாட்டாங்க. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்கம்மாவுக்குத்தான வாங்கறீங்க? உங்க சம்சாரத்துக்கும் அவங்களுக்கும் ஒத்துப் போகலைன்னு சொன்னீங்களே. அப்ப நான் சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க, உபயோகப்படும்.

இது எங்க நங்கையாவுக்காகப் பண்ணுனது. எங்க வீட்டுக்காரரோட அக்கா. நாங்க நங்கையான்னுதான் கூப்பிடுவோம். மயிலாத்தாள்னு பேரு. டெலிபோன் ஆபீசுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கல. தம்பியைப் படிக்க வெச்சதும் அவங்கதான், இந்த வீடு கட்டுனதும் அவங்க சம்பளத்துலதான்னு ஊரெல்லாம் சொல்லும். அவங்க வாயைத் தொறந்து ஒருநாளும் சொன்னதில்லைங்க. எனக்கு எரிச்சலே அதுதான். சொல்லிக் காட்டுனா நாமளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேக்கலாம். சொல்லாதவங்ககிட்ட என்னன்னு போய் சண்டை போடறது? முப்பத்தொரு வருசம் அப்படியே வாயைக் கட்டிக்கிட்டு ஒரே வீட்டுல இருந்தேன். என் பொறுமையை யாரும் பேசமாட்டாங்க.

தெருப்பக்கம் ஜன்னல் வெச்ச முன்ரூம் அவங்களோடது. போன வருசம் ஐப்பசியில வயித்துல கட்டின்னு கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனோம். டாக்டரு பாத்துட்டு, இனி ஒண்ணும் பண்ணறதுக்கில்ல, மூணு மாசமோ நாலு மாசமோ, வீட்டுல வெச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாரு. கார்ல திரும்பி வர்றப்ப எம்பட கையைப் புடிச்சுக்கிட்டு, "வசந்தா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எம்பட ரூம்லயே கண்ணை மூடிக்கறேன்"னாங்க. நானும் சரிங்கன்னு சொன்னேன். கார்ல வேற என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்து நாலு மாசத்துக்கும் நட்சத்திரம் பாத்தேனுங்க. உங்க பக்கம் அடைப்பு பாப்பீங்கல்ல? அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த அஞ்சு நட்சத்திரத்துல ஒரு உசிரு வீட்டுக்குள்ள போச்சுன்னா ஆறு மாசம் வீட்டை அடைக்கோணும். ரோகிணி, கார்த்திகைன்னு இன்னும் கொஞ்சம் இருக்குது, அதெல்லாம் சின்ன அடைப்பு, எப்படியோ சமாளிச்சுக்கலாம். இந்த அஞ்சும் ஆகவே ஆகாது. மாசாமாசம் அஞ்சு நாள் சேந்தாப்புல வருது. எம்பட பொண்ணு தாரணிக்கு அப்பத்தான் ஜாதகம் வெளிய எடுத்திருக்குது. அடைப்பு விழுந்த வீட்டுக்கு எவன் பொண்ணு பாக்க வருவான்? சாகறவங்க நாள் பாத்துச் சாவாங்களா? கேட்டா சொல்லுவாங்களா?

நானும் நாலு நாள் தூங்கல. அப்பத்தான் இங்க அமராவதி ஆத்தோரமா ஒரு சினிமா ஷூட்டிங் நடந்துச்சு. பாக்கப் போனேன். அந்த நடிகைக்கு ஒரு வண்டி நின்னுச்சு பாருங்க, உள்ளயே கட்டில், ஏசி, கண்ணாடி. எனக்கு அங்கயே பளிச்சுன்னு பட்டுருச்சு. வீட்டுக்குச் சக்கரம் இருந்தா, ஆகாத நாள்ல அதை வெளிய இழுத்துட்டுப் போயிரலாம். அஞ்சு நாள் கழிச்சு நல்ல நட்சத்திரத்துல திரும்பக் கொண்டு வந்துக்கலாம். நிரந்தரமாத் தோட்டத்துலயே கொண்டு போய் விட்டுட்டா ஊரு என்ன பேசும்? நான் அப்படிப்பட்டவ இல்லைங்க. மாசத்துல இருவத்திரெண்டு நாள் நம்ம காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கோணும்னு கண்டிசனாச் சொல்லிட்டேன்.

இந்தா, இந்த இடந்தான். முன்னாடி இங்க ஒரு சப்போட்டா மரம் நின்னுச்சு, நங்கையா வெச்சது. வேரு மண்ணைத் தூக்குனா வண்டி சாஞ்சு போயிரும்னு அதை மொதல்ல எடுத்தோம். ஜேசிபிக்காரன் காய் நிறைய இருக்குதுங்க்கா, ஒரு மாசம் பொறுக்கலாமேன்னான். பறிச்சுட்டு வெட்டுடான்னேன். உங்க இடத்துல மரம் இருந்தாப் பாவபுண்ணியம் பாக்காதீங்க, எடுத்துருங்க. அதுக்கப்பறம் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்து, கிராவல் கொட்டி, தண்ணி விட்டு ரோலர் ஓட்டோணும். மேல கருங்கல் ஜல்லி. சக்கரம் நிக்கற ரெண்டு வரிசைக்கு மட்டும் கான்கிரீட். ரசமட்டம் வெச்சுப் பாத்து, கக்கூஸ் பக்கம் லேசா வாட்டம் குடுங்க. நாங்க மொதல்ல வாட்டத்தைத் தலைமாட்டுப் பக்கம் வெச்சுட்டோம். மூணு நாள் நங்கையா தலைகீழாப் படுத்த மாதிரி இருந்திருக்காங்க. வாந்தி மேல மேல வருதுன்னாங்க, நான் சீக்குனாலன்னு நினைச்சேன். கொத்தனாரு வந்து மட்டம் வெச்சுப் பாத்துதான் கண்டுபுடிச்சாரு.

தண்ணிக்கு ஓஸ், கழிவுக்குப் பைப்பு, கரண்டுக்கு பிளக்கு. எல்லாமே கையில திருகிக் கழட்டற மாதிரி வெச்சுக்கங்க. அஞ்சே நிமிசத்துல கழட்டிரோணும். மூச்சு வாங்கறப்பப் போய் ஸ்பேனரைத் தேடிட்டு இருக்க முடியாது பாருங்க.

பஞ்சாயத்துல இருந்து ஒருத்தரு வந்து, அப்ரூவல் இல்லாம எப்படிங்க வீடு கட்டுனீங்கன்னாரு. குனிஞ்சு கீழ பாருங்க சாருன்னேன். சக்கரத்தைப் பாத்தாரு. அப்ப இது வண்டிங்களான்னாரு. வண்டின்னா டேக்ஸ் கட்டிட்டீங்களான்னு அடுத்த கேள்வி. ஓடாதுங்க சார், நிக்கும்னேன். தலையைச் சொறிஞ்சுட்டு, மோர் குடிச்சுட்டுப் போனவருதான்.

நங்கையா அன்னிக்கு ஒரு கோளாறு பண்ணுனாங்க. குடி போறப்ப பால் காச்சோணும்னாங்க. "வசந்தா, எத்தனை சின்னதானாலும் வீடுதான? ஒரு படிப் பால் காச்சிரலாமே"ங்கறாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பால் காச்சிட்டா அது வீடாயிருமில்லைங்க? அடைப்பு விழுந்தா வீட்டுக்கு விழுந்த கணக்காயிருமே. பாலெல்லாம் வேண்டாம், இது வண்டி, வண்டிக்கு என்ன பண்ணறமோ அதைப் பண்ணலாம்னு சொல்லி நாலு சக்கரத்துக்கடியிலயும் எலுமிச்சம்பழத்தை வெச்சு நசுக்கி, சூடம் காட்டியாச்சு. அவங்க கட்டில்ல உக்காந்தமேனிக்கு ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரு திருட்டுத்தனமா உள்ள போய் ஸ்டவ்வுல ஒரு டம்ளர் பாலைச் சுட வெச்சுக் குடுத்திருக்காரு. அது எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது. அன்னிக்கு நான் அழுத அழுகை இருக்குதே, ஒரு வாரம் சோறு ஆக்கல.

முன்ரூமை என்ன பண்ணறது? தாரணிக்குச் சீர்ச் சாமான் வாங்கி அடுக்கறதுக்கு ஆச்சு.

அந்தத் தை மாசத்துல இருந்து ஏழு தடவை போயிட்டு வந்தாங்க. அவிட்டம் பொறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பைப்பைக் கழட்டி, டிராக்டர்ல மாட்டி, எங்க வீட்டுக்காரரு தோட்டத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவாரு. ஆறு கிலோமீட்டரு. ரோட்டுல ரெண்டு வேகத்தடை. அதுல ஏறி இறங்கறப்பத்தான் கொஞ்சம் சத்தம் போடுவாங்க. அங்க போய் வேப்பமரத்தடியில நிறுத்திட்டு ஜெனரேட்டர் போட்டுருவாரு. அந்த அஞ்சு நாளும் அவரு அங்கயேதான், மோட்டார் ரூம்ல படுத்துக்குவாரு. வண்டிக்குள்ள படுக்கக் கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கிருந்தேன். ஆகாத நாள்ல பக்கத்துல படுத்திருந்து ஏதாச்சும் ஆச்சுன்னா, அது படுத்திருக்கறவரைத்தான புடிக்கும்? எனக்கு எம்பட புருசன் முக்கியமில்லைங்களா?

மூணு மாசம்னு சொன்ன டாக்டரு பொய்யராயிட்டாரு. அந்தம்மா ஒம்பது மாசம் இழுத்துட்டு இருந்தாங்க. ஒவ்வொரு தடவை திரும்பி வர்றப்பவும் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் சிரிப்பாங்க. ஒருநாளு கேட்டாங்க, "வசந்தா, நல்ல நாள்லயே போயிட்டன்னா, எம்பட ரூம்ல ஒரு நாழி கிடத்துவியா?"ன்னு. ஆகட்டுங்கன்னேன். நாள்தோறும் காலைல எங்க வீட்டுக்காரரைக் கேப்பாங்க, இன்னிக்கு என்ன நட்சத்திரம்டா முருகேசான்னு. அவரு சொல்லுவாரு, சொல்லிட்டு வெளிய வந்து நின்னுக்குவாரு.

கடைசித் தடவை ஆடி மாசம். இதை நல்லாக் கேட்டுக்கங்க, இது உங்களுக்கு முக்கியம். கேட்டை நாங்க பத்தரை அடிக்குத்தான் அகலப்படுத்துனோம். வண்டி எட்டடி, தாராளமாப் போகுதேன்னு விட்டுட்டோம். தப்புங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணேகால் அடிதான் இடைவெளி. ஜன்னல்ல இருந்து கை எட்டுது. அன்னிக்கு அவிட்டம், திங்கக்கிழமை. காலைல இருந்தே, இந்த ஒருதடவை வேண்டாம் வசந்தா, இனி தாங்காது, இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஆனிக் கடைசியிலதான் தாரணிக்கு நிச்சயம் முடிஞ்சிருக்குது. நான் எப்படி விட முடியும்? வண்டி நகந்து கேட்டுக்கு நேரா வந்ததும் கையை வெளிய நீட்டிக் கம்பியைப் புடிச்சுக்கிட்டாங்க. எலும்புந் தோலுமாக் கிடந்தவங்களுக்கு எங்க இருந்துதான் அத்தனை பலம் வந்துச்சோ! டிராக்டரை ஓட்டிட்டுப் போனவரு பாத்துட்டு நிறுத்திட்டாரு. நிறுத்திட்டு ஸ்டீரிங்குல தலையைக் கவுத்துக்கிட்டாரு. ஆம்பளைங்க இப்படித்தான், வேலைக்கு ஆகமாட்டாங்க. நான்தான் போயி ஒவ்வொரு விரலாப் பிரிச்சேன். நோகாமத்தான் பிரிச்சேன். சுண்டுவிரல்ல மட்டும் நகம் லேசாப் பேந்துருச்சு, மஞ்சள் வெச்சுவிட்டேன். அதனால சொல்றேன், நீங்க கேட்டை பன்னெண்டடிக்கு வெச்சிருங்க. ஒண்ணரை அடி சேத்துப் போட்டா நமக்கும் மனக்கஷ்டம் இல்ல, அவங்களுக்கும் இல்ல.

ஏசிங்களா? ஏசியைப் பத்திக் கவலையே படாதீங்க. அது ஓடற சத்தம் இங்க கேக்குது பாருங்க. தோட்டத்துல வியாழக்கிழமை விடிகாலைல பதினாறு டிகிரில வெச்சது, சனிக்கிழமை விடியற வரைக்கும் ஒரு நிமிசம் நிக்கல. ஆடி மாசம் காத்தடிச்சாலும் பகல்ல வெயிலுதான? ஆனா உள்ள ஒரு வாடை, ஒரு ஈ எறும்பு கிடையாது. சுவத்துக்குள்ள பஞ்சு வெச்சு அடைச்சிருக்கறாங்க, குளிர்ச்சி அப்படியே நிக்கும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவங்க போனது சனிக்கிழமைதானுங்க. அஸ்வினி. நான் ஸ்பூன்ல காபி ஊட்டிட்டு இருந்தேன், ரெண்டு முழுங்கு குடிச்சாங்க, போயிட்டாங்க. ஊருக்கெல்லாம் அப்படித்தான். சர்டிபிகேட்டுலயும் சனிக்கிழமைன்னே இருக்குது.

நீங்க வாங்கப் போறவரு, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. வியாழக்கிழமை விடியக்காலம் அவரு மோட்டார் ரூம்ல இருந்து வந்து பாத்தா, உசிரு இல்ல. எப்பப் போச்சுன்னு தெரியாது. கூப்பிட்டாங்களோ என்னமோ, மோட்டார் ஓடற சத்தத்துல இவருக்குக் கேக்கல. போன் பண்ணுனாரு. அன்னிக்கு உத்திரட்டாதி. வீட்டுக்கு அடைப்பு இல்ல, அதுக்குத்தான் இத்தனை பாடு பட்டோம். ஆனா எங்க சம்பந்தியம்மா அதெல்லாம் ஒத்துக்கமாட்டாங்க. அந்த அஞ்சு நாள்ல போனவங்க குடும்பத்துல இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போவாங்கம்பாங்க. நிச்சயம் முறிஞ்சு போயிரும். ரெண்டே நாள். வியாழன், வெள்ளி. ஏசியைக் குறைச்சு வெச்சுக் கதவைச் சாத்திட்டு வீட்டுக்கு வாங்கன்னு சொன்னேன். குறைச்சு வெச்சாரு. வீட்டுக்கு வரல. உள்ளயே உக்காந்துட்டாரு, ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, அக்கா பக்கத்துலயே. ரெண்டு நாளும் பச்சைத் தண்ணி குடிக்கல. எனக்குப் பண்ணிக் குடுத்த சத்தியம் என்ன ஆச்சு?

சனிக்கிழமை அஸ்வினி பொறந்ததும் கொண்டு வந்து இறக்கி ஊருக்குச் சொல்லிவிட்டோம். முன்ரூம்ல சீர்ச் சாமான் அடுக்கி வெச்சிருந்துச்சு, எங்க ஒதுக்கறது? கூடத்துல கிடத்துனோம். ஒரே வீடுதான, கூடமென்ன ரூமென்ன. சம்பந்தியம்மா மாலையை வெக்கறதுக்கு முன்னாடி கேட்ட மொதல் கேள்வியே, எந்த நட்சத்திரம்னுதான். அஸ்வினின்னேன். கொடுத்து வெச்சவங்கன்னு சொல்லி அழுதாங்க. பதினாறு முடிஞ்சு, ஆவணிக் கடைசி முகூர்த்தத்துல கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. ஒரு குறை இல்ல.

குறைன்னா ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுக்காரரு. காரியம் முடிஞ்ச அன்னிக்கு வந்து இந்த வண்டிக்குள்ள ஏறுனவருதான், கல்யாணத்துக்கு இறங்குனாரு, பொண்ணைத் தாரை வாத்துக் குடுத்துட்டு மறுபடி ஏறிட்டாரு. நாலு மாசமா அந்தக் கட்டில்லதான் படுக்கை. ஏசியை அணைக்க விடமாட்டாரு. எங்கிட்டப் பேசறதில்ல. வயசாச்சு, காது மந்தமாயிருச்சாட்ட இருக்குது. சோத்தைக் கொண்டு வந்து படியில வெச்சிருவேன், எடுத்துக்குவாரு. இப்ப தைப்பொங்கலுக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் மொதத் தடவை வர்றாங்க, தலைப்பொங்கல். மாமனாரு பின்னாடி வண்டிக்குள்ள குடியிருக்கறதைப் பாத்தா நல்லாவா இருக்கும்? அதுதான் குடுத்துரலாம்னு முடிவு பண்ணுனேன். அவருகிட்டச் சொல்லல. வண்டி நகந்தா இறங்கித்தான ஆகோணும்?

இந்தா, இதுதான் கதவு. உள்ளதான் இருக்காரு, சும்மா தட்டுங்க. பாருங்க இந்த வீம்பை, நேத்துக் காலைல வெச்ச சோறு அப்படியே இருக்குது. ராத்திரி வெச்ச இட்லியும் தொடல. இன்னிக்குக் காபியும் ஆறிப் போச்சு. நீங்க வர்றது எப்படியோ தெரிஞ்சிருக்குது, அதுதான் கோவம்.

தட்டுங்க. பலமாத் தட்டுங்க. என்னங்க, ஏனுங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க!

இன்னொருக்காத் தட்டுங்க.

ஜன்னல்ல ஒண்ணும் தெரியாது தம்பி, கண்ணாடியெல்லாம் பனி புடிச்சிருக்குது. கட்டில்ல போத்திப் படுத்த மாதிரி இருக்குதுங்களா? நகருதுங்களா?

இருங்க. கைப்பிடியைத் திருகாதீங்க. விடுங்க அதை.

உங்க போன்ல நாள்காட்டி இருக்குமில்லைங்க, இன்னிக்கு என்ன நட்சத்திரம்னு பாருங்க. கல்யாணம் முடிஞ்சதுல இருந்து நான் காலண்டர் பக்கமே திரும்பிப் பாக்கறதில்ல. என்ன வந்திருக்குது?

சதயமா? நல்லாப் பாருங்க. அப்ப நேத்து அவிட்டம்.

தொறக்க வேண்டாம் தம்பி. நாம ஒண்ணும் பாக்கல. நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. அவரு தூங்கறாரு. போய் டிராக்டரைப் பின்னாடி கொண்டாங்க, கொக்கியை மாட்டுங்க, பைப்பை நான் கழட்டிக்கறேன். விலையெல்லாம் பொறவு பேசிக்கலாம், நீங்க சொல்றதைக் குடுங்க. ஏன் நின்னுட்டே இருக்கீங்க, சீக்கிரம் போங்க. மொதல்ல வண்டி கேட்டைத் தாண்டட்டும். அப்பறம் கதவைத் தொறந்து நான் அழுதுக்கறேன்.